போகாமல் வந்தவர்

ஆகஸ்ட் மாதம், காலை பத்து மணி, வெயில் முப்பத்தொரு டிகிரி. கிவி பாயின்ட்டில் பனி விழுந்தது.

வருஷத்தில் ஆறு மாதம் பனியைத் திட்டிக்கொண்டே வாரிக் கொட்டுகிற ஊர் அது. ஏப்ரல் முடிவதற்குள் வாசலோரத்து அழுக்குப் பனிமேடு கரைந்து தொலைந்தால் போதும் என்று காத்துக் கிடக்கிற ஜனங்கள். அவர்கள்தான் அன்று அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஹார்யு வீட்டு வேலியோரம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஏணிமேல் நின்ற இரண்டு பேர், காற்று ஊதுகிற யந்திரத்துக்குள் மூட்டையிலிருந்து காகிதத் துகளை அள்ளி அள்ளிப் போட்டார்கள். துகள் கூரைக்கு மேலே எழும்பியது. அங்கே ஒரு கணம் தயங்கியது. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கியது. தக்காளிச் செடிமேல், தபால் பெட்டிமேல், புல்தரையை மூடி விரித்திருந்த வெள்ளைப் பஞ்சுமேல். வேலியோரத்தில் ஒருவர் பழக்கதோஷத்தில், மண்வாரியை எங்கே வைத்தோம் என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஹெல்வி ஹார்யு கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வியர்வை வழிய நின்றிருந்தாள். எழுபத்தோரு வயதில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மனைவியாக நடிக்கப் போகிறாள் என்று யாராவது போன மாதம் சொல்லியிருந்தால், அந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் கொடுத்திருப்பாள். அந்த வேடத்துக்கு டொரன்டோவிலிருந்து ஒரு நடிகை வருவதாக இருந்தது. அவளுக்கு வேறு படம் கிடைத்துவிட்டது. படம் எடுக்கிற டெஸ்ஸா நியெமி இந்த ஊர்ப் பெண். சின்ன வயதில் ஹெல்வி ஓட்டிய பள்ளிப் பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டு வாங்கியவள். பதினான்கே நாளில், ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, ‘தாத்தா வீட்டுத் தகராறு’ என்று ஒரு சிரிப்புப் படம் எடுக்க வந்திருந்தாள். இந்த வருஷம் பரிசு கொடுக்க நான்தான் போவேன் என்று தாத்தாவின் மனைவி அடம் பிடிக்கிறாள், இரண்டு மகன்கள் வண்டிச் சாவிக்கு அடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் தாத்தாவே கிளம்புகிறார், திரும்பி வருகிறார். அவ்வளவுதான் கதை.

தாத்தாவுக்கு டெஸ்ஸா ஆள் தேடவே இல்லை. ஹெல்வியின் கணவர் ரெய்னோ ஊர் மன்றத்தில் முப்பத்தொரு வருஷம் தாத்தாவாக வந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கதவைத் தட்டி, "இங்க நல்ல பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று அவர் கேட்கிற கேட்பில், பெரியவர்களே தாங்கள் நல்ல பிள்ளைகளா என்று ஒரு கணம் யோசிப்பார்கள். தாடி சொந்தத் தாடி. தொந்தி சொந்தத் தொந்தி.

"நடிக்காதீங்க ஆன்ட்டி," என்றாள் டெஸ்ஸா. "பஸ்ல எங்களைத் திட்டுவீங்கல்ல, அதே மாதிரி இவரைத் திட்டுங்க, போதும்."

"அதுக்கு அவளுக்கு ஒத்திகையே வேணாம்," என்றார் ரெய்னோ. "நாப்பத்தாறு வருஷமா தினமும் நடந்துட்டு இருக்கு."

"வாயை மூடு கிழவா. தாடியில ரொட்டித் தூள் ஒட்டியிருக்கு."

"எடுத்துட்டேன்! எடுத்துட்டேன்! இது அப்படியே படத்துல இருக்கும்!" என்று கத்தினாள் டெஸ்ஸா.

முதல் நாள் எடுத்தது படத்தின் கடைசிக் காட்சியை. பெரிய மகனாக நடிக்கிறவனுக்கு அவன் வேலையில் மூன்று நாள்தான் லீவு கிடைத்திருந்தது. கடைசிக் காட்சி உட்பட அவன் வருகிற காட்சிகளை எல்லாம் முன்னாலேயே முடித்தாக வேண்டும். அதனால் தாத்தா உலகத்துக்கெல்லாம் பரிசு கொடுத்துவிட்டு, தோளில் பனியோடு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டு வந்து வைப்பதற்குள் தூங்கிவிட்டார். கேமரா நின்றதும் ஒரு கண்ணைத் திறந்து, "பாத்தியாடி, நான் இன்னும் போகவே இல்லை, அதுக்குள்ள திரும்பி வந்துட்டேன்," என்றார் ரெய்னோ. ஒலிப்பதிவு செய்கிற லோர்ன் பெல்லெட்டியே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

ஹெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. இந்த மனிதர்கள் நாளை நடப்பதை இன்றைக்கு எடுக்கிறார்கள், நேற்று நடந்ததை அடுத்த வாரம் எடுக்கப் போகிறார்கள். ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. ஆறாம் நாள் அதைவிடப் பெரிய ஆச்சரியம். கலைமான்களுக்கு வழியில்லாததால், ரெய்னோவின் தம்பி ஆர்வோ வளர்க்கும் மட்டக் குதிரைக்கு மரக்கிளைக் கொம்பு கட்டி, ஒரே குதிரையை எட்டு தடவை ஓடவிட்டு எட்டு இடத்திலிருந்து எடுத்தார்கள். அன்று மாலை டெஸ்ஸா சின்னத் திரையில் போட்டுக் காட்டினாள். எட்டுக் கலைமான்கள் தோளோடு தோள் உரச, வாயில் ஆவி பறக்க, வெள்ளை வெளியில் ஓடின. அதில் ஒன்றுகூட ஆர்வோவின் குதிரை இல்லை. ஹெல்வி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குதிரையின் சொந்தக்காரனான ஆர்வோவே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, படப்பிடிப்பு இல்லை. மத்தியானம் ஹெல்வி வாசலறையில் உட்கார்ந்து, தாத்தாவின் சிவப்புக் கோட்டில் பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ரெய்னோ அவளைக் கடந்து வெளியே போனார். போகும்போது, படகில் தண்ணீர் நிற்கிறது, கவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னார். அவள் வாயில் ஊசி நூல். தலையைத் தூக்காமலே "ம்" என்றாள். அரை மணி கழித்து காபி ஆறுகிறதே என்று ஏரிக்கரைக்குப் போனபோது, படகு கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் சாய்ந்து ரெய்னோ உட்கார்ந்திருந்தார். இதயம் என்றார் மருத்துவர். வலி தெரிந்திருக்காது என்றார்.

வியாழக்கிழமை அடக்கம். படக்குழு முழுக்க வந்தது. லோர்ன் எங்கிருந்தோ ஒரு டை இரவல் வாங்கிக் கட்டியிருந்தான். சவப்பெட்டி வீட்டைக் கடந்து போனபோது கூரை ஓரத்திலும் புதர்களிலும் காகிதப் பனி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் டெஸ்ஸாவும் லோர்னும் வந்தார்கள். வீட்டுக்குள் நிற்கும் விளக்குகளை எடுத்துப் போக வந்திருந்தார்கள். ஹெல்வி காபி ஊற்றினாள். துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவித்த ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். அவர்கள் விளக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாக்கி இருக்கு?" என்று கேட்டாள் ஹெல்வி.

"விடுங்க ஆன்ட்டி."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. சீட் பெல்ட்டைப் போட்டியான்னு கேட்டா ஜன்னலைப் பாப்பியே, அதே பழக்கம்."

டெஸ்ஸா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். பாக்கி இருப்பது ஒரே ஒரு காட்சி. தாத்தா வீட்டை விட்டுக் கிளம்புகிற காட்சி. படத்தில் அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அவர் கிளம்புவாரா மாட்டாரா என்கிற சண்டை. பின்னால் நடப்பதெல்லாம் அவர் போன பிறகு நடப்பவை. நடுவில் அது இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நிற்காது. படத்துக்குப் பணம் போட்டவர்கள் டொரன்டோவில் வேறொரு நடிகரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ரெய்னோ வருகிற எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஆளை வைத்து முதலிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஹெல்வி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேற வழி?"

லோர்ன்தான் சொன்னான். "ஆர்வோவுக்கும் அவருக்கும் ஒரே தோள், ஒரே நடை. ஆர்வோவுக்குக் கோட்டு மாட்டி, முதுகை மட்டும் எடுக்கலாம். முகம் முழுக்க உங்க முகம். திங்கக்கிழமை முடிச்சாகணும். செவ்வாய்க்கிழமை வாடகைக் கேமராவைத் திருப்பிக் குடுக்கணும்." பிறகு அவசரமாக, "ஆனா இதைக் கேக்கறதுக்கு நாங்க வரலை, மிஸஸ் சாண்டா. சத்தியமா வரலை," என்றான்.

"கடைசியில அவ என்ன சொல்லணும்? தாளைக் காட்டு."

டெஸ்ஸா காட்டினாள். தாத்தா வெளியே இறங்கியதும் மறந்துபோன மூக்குக் கண்ணாடியை மனைவி கொடுக்கிறாள். பிறகு கையுறை. பிறகு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. கடைசியில் ஒரே வரி: ‘சரி, போயிட்டு வா.’

ஹெல்வி அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள்.

"என்னால முடியாது," என்றாள். "திட்டறதெல்லாம் திட்டிடுவேன். இதைச் சொல்ல முடியாது. நிஜத்துல அவன்கிட்ட நான் இதைச் சொல்லலை. நிமிர்ந்துகூடப் பாக்கலை. சொல்லாத ஒண்ணைப் படத்துல எப்படிடி சொல்றது? அது பொய்யில்லையா?"

டெஸ்ஸா தலையாட்டினாள். எழுந்து போய் முதல் விளக்கின் காலை மடக்கினாள்.

"இரு," என்றாள் ஹெல்வி. "தூக்கிப் போடப் போறதை எனக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போ. முதல் நாள் எடுத்தது."

சாப்பாட்டு மேஜையில், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, டெஸ்ஸா மடிக்கணினியைத் திறந்தாள். ஹெல்வி வாசற்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே வாசற்கதவு. கொஞ்ச நேரம் அது சும்மா மூடியிருந்தது. காற்றுச் சத்தம், லோர்ன் எங்கேயோ பிடித்துவந்து சேர்த்த குளிர்காலக் காற்று. பிறகு தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்தது. ரெய்னோ உள்ளே வந்தார்.

அவர் நடிக்கவில்லை. அன்று முழுநாளும் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு நின்ற களைப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. திரையில் அது உலகம் சுற்றிய களைப்பாக இருந்தது. தோளில் பனி. அதைத் தட்டிவிட்டார். தாடிக்குள் ஒட்டியதைத் தட்ட மறந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, அவள் எங்கே என்று கண்ணால் தேடினார். தேடிக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் அவர் முகம் மாறியதை ஹெல்வி அன்று பார்த்திருக்கவில்லை. அன்று அவள் காபிக் கோப்பை தளும்பாமல் நடப்பதில் குறியாக இருந்தாள். இப்போது பார்த்தாள். இருபது வயதுப் பையன் ஒருவன் நடனக் கூடத்தில் தூரத்திலிருந்து அவளைப் பார்த்த பார்வை அது. அந்தத் தாடிக்குப் பின்னால் அவன் அவ்வளவு வருஷமும் இருந்திருக்கிறான்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேஜை விளிம்பில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மண்ணுக்குள் இறக்கி இரண்டு நாளான மனிதர் இதோ பூட்ஸ் வாரை அவிழ்க்க மூச்சு வாங்குகிறார். அந்த மூச்சு கேட்கிறது. அவர் இன்னும் கிளம்பவில்லை. இந்தப் படத்தில் அவர் கிளம்பவே இல்லை, ஆனால் வந்துவிட்டார். வந்து சேர்ந்தவரை வழியனுப்பாமல் வைத்திருப்பது அவள்தான். அவள் அனுப்பாவிட்டால் இந்த வருகையே இல்லாமல் போகும். யாரோ ஒருவர் இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்.

திரை இருண்டது. லோர்ன் மூக்கை உறிஞ்சினான்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் ஹெல்வி.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு ஆர்வோ வந்தான். அண்ணனின் சிவப்புக் கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான். அதைப் போட்டுக்கொள்ள அவனுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

"உன்னைப் பாத்தா சலவைக் கடையில திருடின மாதிரி இருக்கு," என்றாள் ஹெல்வி.

"தொப்பையில தலையணை வேற. நான்தான் ஒல்லி, அழகன்னு ஊருக்கே தெரியும்."

"அதனாலதான் முதுகை எடுக்கறாங்க."

அவன் சிரிக்க முயன்று, முடியாமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னாலிருந்து பார்த்தபோது அவன் ரெய்னோதான். ஹெல்வி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேமரா வீட்டுக்குள், ஹெல்வியின் பக்கவாட்டில், வாசலைப் பார்த்து நின்றது. ஏணிகளில் ஆட்கள் ஏறினார்கள். நான்கு மூட்டைப் பனிதான் மிச்சம் இருந்தது. வேலியோரத்தில் மறுபடியும் ஊர் நின்றது. இந்த முறை செருப்பில்லை, எல்லோரும் ஷூ போட்டு வந்திருந்தார்கள்.

முதல் தடவை. பனி இறங்கியது. ஆர்வோ படியிறங்கினான். ஹெல்வி கண்ணாடியை எடுத்து, "குருட்டுக் கோட்டான்! இது இல்லாம யார் வீட்டுக் கூரையில இறங்குவே?" என்று நீட்டினாள். ஆர்வோ திரும்பி, இரண்டு படி ஏறி, வீட்டுக்குள்ளேயே வந்து, கண்ணாடியை வாங்கிக்கொண்டான். மழமழவென்று சிரைத்த அவன் முகம் கேமராவுக்கு நேரே நின்றது.

"கட்! ஆர்வோ, உள்ள வரக்கூடாது. அங்கேயே நின்னு கையை மட்டும் நீட்டுங்க."

இரண்டாவது தடவை. ஆர்வோ வெளியே நின்றான். கையை நீட்டினான். ஹெல்வியின் கை பாதிவழி போய், தானாகவே பின்வாங்கியது. ஆர்வோ உடனே உள்ளே வந்துவிட்டான்.

மூன்றாவது தடவையும் அதே. டெஸ்ஸா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னதான் பிரச்சினை உங்க ரெண்டு பேருக்கும்? வாங்கறதுக்கு எதுக்கு உள்ள வரீங்க?"

"வாசப்படிக்கு மேல கையில குடுத்து வாங்கறதா?" என்றான் ஆர்வோ. நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தான். "நீ நியெமி வீட்டுப் பொண்ணுதானே? உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா? ஒண்ணு ரெண்டு பேரும் உள்ள நிக்கணும், இல்ல ரெண்டு பேரும் வெளிய நிக்கணும். நடுவுல வாசப்படி இருந்தா உறவு அறுந்துபோகும். என் அண்ணன் போய் ஒரு வாரம்தான் ஆகுது, அண்ணன் வீட்டு வாசல்ல நான் அதைச் செய்யணுமா?"

வேலியோரத்திலிருந்து ஒரு குரல், "அதானே!" என்றது.

லோர்ன் பிரெஞ்சுக்காரன், இந்த ஊர்க்காரர்களின் வழக்கம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. "மூணு மூட்டைப் பனியை ஒரு வாசப்படி தின்னுடுச்சு," என்று முனகினான்.

டெஸ்ஸா காகிதத்தைப் பார்த்தாள். தானே எழுதிய காட்சி. தன் அம்மா, பால்காரரைக்கூட உள்ளே இழுத்து நிறுத்தித்தான் பாட்டிலை வாங்குவாள் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது. அவள் முகம் சிவந்தது. "ஒரு மூட்டைதான் இருக்கு," என்றாள் மெதுவாக. "என்ன செய்யலாம்னு தெரியலை ஆன்ட்டி."

"ஓட விடு கேமராவை," என்றாள் ஹெல்வி. "ஆர்வோ, நீ உள்ள வராதே. என்ன ஆனாலும் அங்கேயே நில்லு."

கடைசி மூட்டை. பனி எழும்பித் தயங்கி இறங்கியது. சிவப்பு முதுகு படியிறங்கி, பஞ்சுத் தரையில் நின்றது. ஹெல்வி கண்ணாடி, கையுறை, பட்டியல் மூன்றையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு வீட்டுச் செருப்போடு படியைத் தாண்டி, வெளியே இறங்கினாள்.

"நில்லு கிழவா! எல்லாத்தையும் விட்டுட்டு எங்க ஓடறே?"

முதுகு நின்றது. அவள் அதைச் சுற்றிப் போகவில்லை. பின்னாலேயே நின்று, கண்ணாடியைக் கோட்டுப் பையில் திணித்தாள். தொங்கிய கைகளில் கையுறையை ஒவ்வொன்றாக மாட்டினாள். பட்டியலைக் கக்கத்தில் செருகினாள். திட்டுகள் தாளில் இருந்தபடி வரவில்லை, வேறு வந்தன. சூப்பை ஆற வைக்காமல் குடிக்காதே. முழங்காலில் துணி சுற்றிக்கொள். யார் வீட்டிலாவது காபி கொடுத்தால் மூன்றாவது கோப்பைக்கு வேண்டாம் என்று சொல், இதயத்துக்கு ஆகாது. வேலியோரத்தில் ஒருவர் சிரித்தார். சிரித்த குரல் பாதியில் நின்றது. ஹெல்வி தோள்பட்டையிலிருந்த பனியைத் தட்டினாள். தட்டிய இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "போயிட்டு வா."

அவள் கையை எடுத்தாள். சிவப்புக் கோட்டு பனிக்குள் நடந்து, வேலியைத் தாண்டி, கேமராவுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

ஹெல்வி உள்ளே போகத் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வீட்டை அவள் எத்தனை ஆயிரம் தடவை வெளியிலிருந்து பார்த்திருப்பாள். ஆனால் யாரையாவது அனுப்பும்போதெல்லாம் அவள் உள்ளேதான் நின்றிருக்கிறாள். இப்போது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே படக்காரர்களின் விளக்குகள் பொன்னிறத்தில் எரிந்தன. சுவர், மேஜை, ரொட்டித் தட்டு, ரெய்னோவின் நாற்காலி எல்லாம் உள்ளிருந்தே வெளிச்சம் விடுவது போல நின்றன. ஜன்னல் விளிம்பில் பனி. கூரைமேல் பனி. சின்ன வீடு. இவ்வளவு அழகான ஒன்றில் நாற்பத்தாறு வருஷம் குடியிருந்தது அவளுக்குத் தெரியாது. கிளம்புகிறவர்கள் எதையும் பார்க்காமல் போகிறார்கள் என்றுதான் அவள் இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியில்லை. கிளம்புகிறவர்களுக்கு இது தெரிகிறது.

"கட்," என்றாள் டெஸ்ஸா. கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி... தரையில விழுந்ததை அள்ளி இன்னொரு தடவை எடுத்து வெச்சுக்கலாமா? ஒரு பாதுகாப்புக்கு. எப்பவும் ரெண்டு எடுப்போம்."

"வேணாம்மா," என்றாள் ஹெல்வி. "கிளம்பினவனை எத்தனை தடவை கிளப்புவே?"

"சரி. உள்ள வாங்க, வெயில்ல சால்வையோட நிக்கறீங்க."

"வரேன். விளக்கை மட்டும் அணைச்சிடாதே. இங்கேருந்து இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

டெஸ்ஸா உள்ளே திரும்பி, விளக்குப் பக்கம் போனவனைக் கைகாட்டி நிறுத்தினாள். ஏணிமேலிருந்தவர்கள் யந்திரத்தில் மிச்சமிருந்ததை ஊதிவிட்டார்கள். ஹெல்வி தன் வீட்டுக்கு வெளியே, ஆகஸ்ட் வெயிலில், தலையில் பனி விழ நின்றுகொண்டிருந்தாள்.